ஒரு காகமும் அலுமினியப் பேசினும்

சுகாதாரப் பரிசோதகர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன். பயிற்சியில் நீங்கள் விழுந்து விழுந்து படித்த நோய்களில் முக்கால்வாசி உங்களைத் தேடி வராது. செத்த காகம் கட்டாயம் வரும். நீங்கள் டெங்கு நுளம்புக் குடம்பி, ஹோட்டல் குசினி, பேக்கரி எலி என்று பெரிய யுத்தங்களுக்கு ஆயத்தமாகி நிற்பீர்கள். அப்போதுதான் போன் அடிக்கும். இங்கே ஒரு பறவை செத்துக் கிடக்கிறது, உடனே வாருங்கள் என்பார்கள்.

செத்த பறவையைக் கண்டால் என்ன செய்வது என்பது ஒரு தபாலட்டையில் அடங்கிவிடும். வெறுங்கையால் தொடாதீர்கள். பிள்ளைகளையும் நாய் பூனைகளையும் கிட்ட விடாதீர்கள். எத்தனை கிடக்கின்றன என்று பாருங்கள். கூட்டமாகச் செத்திருந்தாலோ, கொக்கு, வாத்து மாதிரி நீர்ப்பறவையாக இருந்தாலோ, பக்கத்தில் யாராவது கோழி வளர்த்தாலோ, ஒன்றையும் அசைக்காமல் மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்றுதான் என்றால் கையுறை போட்டு, பொலித்தீன் பையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிக் கையில் மாட்டி, அதால் பறவையைப் பிடித்துப் பையை இழுத்து மூடி, இன்னொரு பைக்குள் வைத்துக் கட்டுங்கள். பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பறவையைச் சுற்றி நிற்கிற மனிதர்களை எந்தப் பையில் போட்டுக் கட்டுவது என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தரமாட்டார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கொழும்புக் கொட்டாஞ்சேனைக்காரன். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் பக்கத்தில் காகம் என்பது மீன் கடையில் களவெடுக்கிற ஒரு பிராணி. அதற்கு மேல் அதற்கு ஒரு மரியாதையும் கிடையாது. ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச வருடங்கள் இருக்கும்போது என்னை வெள்ளவத்தைக்கு மாற்றினார்கள். அங்கே காகம் சனீஸ்வரனின் வாகனம். எங்கள் திணைக்கள வாகனங்களை விட அதற்கு நல்ல கவனிப்பு.

புரட்டாதி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. மத்தியானம் நெருங்கும் நேரம். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றிலுள்ள தொடர்மாடியின் செயலாளர் எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, இஞ்ச ஒரு கொலை நடந்திருக்குது."

"பொலிசுக்குச் சொன்னீங்களா சேர்?"

"பொலிசு என்னத்துக்கு? காகம் தம்பி. நஞ்சு வச்சுச் சாகடிச்சுப்போட்டினம்."

செயலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டியவர். கொள்ளுப்பிட்டியில் ஒரு முழு அலுவலகத்தையே அதட்டி வைத்திருந்த ஆளிடம், கடைசியில் அதட்டுவதற்கு ஒரு தொடர்மாடியும் ஒரு வாச்சரும்தான் மிஞ்சியிருந்தன. இருந்ததை வைத்து அவர் குறையில்லாமல் அதட்டிக்கொண்டிருந்தார்.

நான் மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் வாச்சர் சிறிபால கேற்றைத் திறந்தான். "மஹத்தயா, கபுடெக் மெரிலா. மினிஸ்சுன்ட பிஸ்ஸு ஹெதிலா," என்றான். காகம் ஒன்று செத்துப்போச்சு, ஆட்களுக்குப் பைத்தியம் பிடித்துப்போச்சு என்று அர்த்தம். என் உத்தியோக காலத்தில் இவ்வளவு சுருக்கமான, இவ்வளவு சரியான அறிக்கை எனக்குக் கிடைத்ததில்லை.

பின்பக்கம் கார் நிறுத்துகிற இடம். அதன் ஓரத்தில் நீளமாக ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒழுங்கையில் இரண்டு தூண்களுக்கு மேலே டிரான்ஸ்போமர். மதில் முழுவதும் வரிசையாக வாழையிலைத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் சோறு, பருப்பு, தயிர், எள்ளு. மேலே கம்பிகளில் வெள்ளவத்தைக் காகம் முழுவதும் வந்து குந்திக் கத்திக்கொண்டிருந்தது. கீழே தொடர்மாடிச் சனம் முழுவதும் நின்று கத்திக்கொண்டிருந்தது. நடுவில், மதிலடியில், கவிழ்த்து வைத்த ஒரு பெரிய அலுமினியப் பேசின். அதன் மேல் ஒரு செங்கல். பேசினுக்குப் பக்கத்தில் கையில் குடையோடு சுகந்தி அக்கா.

சுகந்தி அக்கா ஐந்தாம் மாடியில் தனியாக இருப்பவர். சோற்றுப் பார்சல் கட்டி விற்று அதில்தான் சீவியம். கொள்ளுப்பிட்டி அலுவலகங்களுக்கும் பார்சல் போகும், அந்தத் தொடர்மாடியில் அடுப்பு மூட்டப் பஞ்சிப்படுகிற வீடுகளுக்கும் போகும். அவருடைய குசினியைப் பரிசோதித்தது நான்தான். அங்கே குறை கண்டுபிடிக்க வேண்டுமென்றால் வெளியிலிருந்து கொண்டுபோய்த்தான் வைக்க வேண்டும்.

"இவதான் முதல் சோறு வச்சவ," என்றார் செயலாளர். "நாங்களும் வந்து சோத்தை வச்சிட்டுப் பாக்கேக்க காகம் செத்துக் கிடக்குது, இவ பக்கத்தில நிக்கிறா. பிறகு ஓடிப்போய்ப் பேசினைக் கொண்டுவந்து மூடி மறைக்கிறா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? உடன பிரேத பரிசோதனை செய்விக்கவேணும்."

"மறைக்கேல்ல தம்பி," என்றார் சுகந்தி அக்கா. "ஒரு பூனை வந்தது. சின்னப் பிள்ளையள் தடியால தட்டிப் பாக்குதுகள். கைக்கு அம்பிட்டதால மூடினனான்."

கவனியுங்கள். அந்தக் கூட்டத்தில் சரியான காரியம் செய்திருந்த ஒரே ஆள் அவர்தான். தொடவில்லை. மூடினார். காவல் நின்றார். அதற்காகவே அவரைக் குற்றவாளியாக்கி வைத்திருந்தார்கள். இந்த வேலையில் இதை நீங்கள் அடிக்கடி காண்பீர்கள். காணும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வந்தது, உங்களுக்கும் வரட்டும்.

பேசினைத் தூக்கிப் பார்க்க முன்னர் வழக்கமாகச் செய்வதைச் செய்ய நினைத்தேன். "முதலில் மதிலில் இருக்கிற சோறு முழுவதையும் எடுத்து அப்புறப்படுத்துங்கோ" என்றேன். கூட்டம் முழுவதும் என் பக்கம் திரும்பியது.

செயலாளரின் மனைவி முன்னால் வந்தார். குரல் உயர்த்தாத மனுசி. அவர் பேசினால் செயலாளரே கேட்பார்.

"தம்பி வேதக்காரர் போல. சொல்லுறன் கேளும். புரட்டாதிச் சனி, விரதம். காகத்துக்குச் சோறு வச்சு, காகம் எடுத்த பிறகுதான் நாங்கள் வாயில வைக்கலாம். காலமை தொடக்கம் ஒருத்தரும் ஒண்டும் சாப்பிடேல்ல. இப்ப ஒரு காகமும் கீழ வருகுதில்ல. நீர் சோத்தை எடுத்தால் நாங்கள் எல்லாரும் பட்டினிதான்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இது செத்த பறவைப் பிரச்சினை மட்டுமல்ல. நாற்பது பேரின் மத்தியானச் சாப்பாடு அந்தக் கம்பியில் குந்திக்கொண்டு இறங்க மறுக்கிறது. ஒரு காகம் செத்த இடத்தில் மற்றக் காகங்கள் சும்மா வந்து சாப்பிடாது. தலைக்கு மேல் நின்று ஒப்பாரி வைக்கும். கிட்டப் போகிறவனின் மண்டையில் கொத்தும். ஆனால் பசித்த சனம் அப்படி நினைக்காதே. காகங்களுக்கே இவவின் சோறு நஞ்சென்று தெரிந்துவிட்டது என்று நினைத்தார்கள். பசி ஏற ஏற அந்த நினைப்பும் ஏறியது.

இதற்குள் யாரோ பேசினையும் சுகந்தி அக்காவையும் படம் பிடித்துத் தொடர்மாடியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். நான் அங்கே நிற்கும்போதே அவருடைய போன் அடித்தது. "ஓம் பிள்ளை... சரி... திங்கக்கிழமை வேண்டாமோ... சரி." வைத்த உடனே அடுத்தது அடித்தது. மூன்றாவதும் அடித்தது. அவர் ஒருவரோடும் தர்க்கப்படவில்லை. சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பேசினைப் பார்த்தபடி நின்றார். பார்சல் நின்றால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை. அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரியும்.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே கையுறையைப் போட்டுப் பேசினைத் தூக்கினேன். ஒரே ஒரு காகம். மல்லாந்து கிடந்தது, கால் இரண்டும் சுருண்டு. நான் தடவிப் பார்க்கவில்லை. நீங்களும் பார்க்கக் கூடாது. நாங்கள் பரிசோதகர்கள்தான், ஆனால் இந்த இடத்தில் பரிசோதனை எங்கள் வேலை இல்லை. மறுபடி மூடிவிட்டு மிருக வைத்தியருக்குப் போன் எடுத்தேன்.

எனக்கு இந்த வேலையில் குரு என்று சொல்ல ஒருவர் இருந்தால் அந்த மிருக வைத்திய மிஸ்தான். என்னை விடப் பத்து வயது இளையவர். பேர் போடுவதை விரும்பமாட்டார். எந்த அவசரத்திலும் சோம்பலாகத்தான் கதைப்பார்.

"எத்தனை காகம்?" என்றார்.

"ஒண்டு மிஸ்."

"வேற பறவை செத்திருக்கா? பக்கத்தில கோழி வளக்கிறாங்களா?"

"இல்லை மிஸ். தொடர்மாடி."

"சுத்தி எத்தனை ஆக்கள்?"

"ஒரு நாப்பது பேர் இருக்கும்."

"அப்ப உங்களுக்குப் பிரச்சினை அந்த நாப்பதுதான். காகத்தைப் பையில போட்டு எனக்குக் கொண்டு வாங்க. காரணம் தெரியும் வரைக்கும் காரணம் சொல்லாதீங்க. தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்க."

நல்ல புத்திமதி. ஆனால் எனக்கு அந்த நேரத்தில் ஒன்றுமே தெரியாது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் செயலாளர். "தம்பி, ஒரு தனிக் கதை" என்று என் முழங்கையைப் பிடித்து தண்ணீர் மோட்டார் அறைக்குப் பின்னால் இழுத்துப் போனார். அவருடைய நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"நஞ்செண்டால் ஒரு மனிசனுக்கு எவ்வளவு நேரத்தில வேலை செய்யும்?"

"அது நஞ்சைப் பொறுத்தது. ஏன் சேர்?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "நான் அந்தச் சோத்தைச் சாப்பிட்டிட்டன்."

"மதிலில் இருந்ததையா?"

"சீ, பார்சல். சீனி வருத்தம் எனக்கு. பட்டினி கிடக்க ஏலாது. மனுசி விடமாட்டா. பைப் திருத்த வாற பொடியனுக்கெண்டு சொல்லிக் காலமையே சுகந்தியிட்ட ஒரு பார்சல் வாங்கினனான். காருக்குள்ள இருந்து சாப்பிடுவம் எண்டு லிப்டில இறங்கினால், நடுவில கரண்ட் போய் லிப்ட் நிண்டிட்டுது. இருட்டு, புழுக்கம். கை கால் நடுங்கத் தொடங்கிட்டுது. என்ன செய்ய, அங்கேயே குந்தியிருந்து பிரிச்சுச் சாப்பிட்டிட்டன்."

"முழுக்கவா?"

"கத்தரிக்காய்க் கறி அருமை, தம்பி," என்றார், சாகப் போகிறவரின் குரலில். பிறகு வயிற்றைத் தடவினார். "இப்ப களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போகவேணுமோ? போறதெண்டால் மனுசிக்கு என்னத்தைச் சொல்லுறது?"

நான் அவரை ஏற இறங்கப் பார்த்தேன். முகம் தெளிவு. மூச்சு சீர். கதைக்கிற பலத்தில் ஒரு குறையும் இல்லை. காகத்தை விட அதிகம் சாப்பிட்ட மனிதர் காகத்தை விட நன்றாகத்தான் இருந்தார். வாந்தி, தலைச்சுற்று ஏதும் வந்தால் மனைவியையும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னேன். அவர் ஏன் நான் வந்ததிலிருந்து பிரேத பரிசோதனை, பிரேத பரிசோதனை என்று துள்ளுகிறார் என்பதும் இப்போது விளங்கியது. காகத்தின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று அவர் கவலைப்படவில்லை.

"தம்பி, இது உம்மோட இருக்கட்டும். வெளியில வந்தால் நான் இந்தத் தொடர்மாடியில தலை நிமிந்து திரிய ஏலாது. விரதக் கமிற்றித் தலைவரும் நான்தான்."

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சுகந்தி அக்காவின் சோற்றில் பிழையில்லை என்பதற்கு உயிருள்ள சாட்சி, மீசை வைத்த சாட்சி, என் முன்னால் நிற்கிறது. அந்தச் சாட்சியே கூட்டத்தில் அவருக்கு எதிராகச் சத்தம் போடுகிற முதல் ஆளும். ஒரு வசனம் சொன்னால் அந்தப் பெண்ணின் பிழைப்பு தப்பிவிடும். எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் ஒரு மனிதன் தன் உடம்பைப் பற்றி எங்களிடம் இரகசியமாகச் சொன்னதை நாங்கள் சந்தியில் விற்க முடியாது. ஒரு தரம் விற்றால், நாளைக்கு உண்மையான தொற்று வந்தவன் கூட எங்களிடம் வாய் திறக்கமாட்டான். நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது.

திரும்பி வந்ததும் செயலாளர் தன்மேல் ஒரு சந்தேகமும் வராதபடி முன்னையதை விடப் பலமாகத் தொடங்கினார்.

"சோறு நஞ்சோ இல்லையோ, மனிதாபிமானம் இருக்கவேணும். நான் லிப்டுக்குள்ள அடைபட்டுக் கத்துறன். இவ படியால இறங்கிப் போறா. காப்பாத்துங்கோ எண்டு கேட்டால், 'கொஞ்சம் பொறுங்கோ சேர், காகத்துக்குச் சோத்தை வச்சிட்டு வாச்சரைக் கூட்டியாறன்' எண்டு சொல்லுறா. மனிசனுக்கு முதல் காகத்துக்குச் சோறாம்."

இந்த முறைப்பாட்டை நான் வந்ததிலிருந்து அவர் மூன்றாவது தரமாகச் சொல்கிறார். முதல் இரண்டு தரமும் நான் காதில் வாங்கவில்லை. கிழவர் புலம்புகிறார் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது தரம் என் தலைக்குள் யாரோ சுவிட்சைப் போட்டது போல இருந்தது. மிஸ் சொன்ன 'தெரிஞ்சது' இதுதான்.

"சேர், இன்னொருக்கா சொல்லுங்கோ. சுகந்தி அக்கா லிப்டைத் தாண்டிப் போகும்போது சோறு எங்கே இருந்தது?"

"கையிலதான். இலையோட தட்டில வச்சிருந்தவ. கதவிடுக்கால கண்ணால கண்டனான். அதைத்தானே சொல்லுறன்."

"அப்போ மதிலில் இன்னும் வைக்கவில்லை?"

"என்ன கேள்வி தம்பி. கையில இருந்தது எப்பிடி மதிலில இருக்கும்?"

"லிப்ட் அப்போது நின்றுவிட்டது?"

"நிண்டதாலதானே நான் உள்ளுக்கு நிக்கிறன்." அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அது எனக்கு வசதியாகப் போயிற்று.

"ஏன் நின்றது?"

"கரண்ட் போனது. வெளியில டமார் எண்டு ஒரு வெடிச் சத்தம். அந்த டிரான்ஸ்போமர்தான், வேறென்ன..."

சொல்லிக்கொண்டே கையை மேலே காட்டினார். காட்டிய கை அப்படியே நின்றது. நாற்பது தலைகளும் அந்தக் கை போன திசையில் நிமிர்ந்தன. டிரான்ஸ்போமரின் கம்பி முனையில், காற்றில் ஆடியபடி, கருகிய இரண்டு இறகுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அதற்கு நேர் கீழே பேசின்.

முதலில் பேசியது செயலாளரின் மனைவி. "அப்ப டமார் எண்டது காகமோ?"

"அதை மிருக வைத்தியர்தான் சொல்ல வேண்டும் அம்மா," என்றேன். "எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வெடிச்சத்தம் கேட்டுக் கரண்ட் போகும்போது இந்த அக்காவின் சோறு மதிலில் இல்லை, படியில் வந்துகொண்டிருந்தது. அதற்குச் சாட்சி செயலாளர் ஐயா. அவரே மூன்று தரம் சொல்லிவிட்டார்."

பாவம் செயலாளர், தன் சொந்த முறைப்பாட்டாலேயே தன் வழக்கைத் தோற்ற மனிதர். ஆனால் அவருடைய மற்றக் கை மெல்ல வயிற்றிலிருந்து இறங்கியதையும் நான் பார்த்தேன். அன்று அந்தத் தீர்ப்பில் அவரை விட ஆறுதலடைந்த ஆள் வேறு யாரும் இல்லை.

இனிக் காகத்தை எடுக்கும் வேலை. கற்பூரம் கொளுத்திக் கடலில் விடவேண்டும் என்று சிலர் கேட்டார்கள். முடியாது என்றேன். கும்பிட வேண்டுமென்றால் தூர நின்று கும்பிடுங்கள், பறவை என்னோடு வருகிறது. மரியாதையாகச் சொன்னால் சனம் கேட்கும். பையைத் திருப்பிக் கையில் மாட்டிக் குனிந்ததுதான் தாமதம், மேலேயிருந்து ஒரு படையே இறங்கி என் ஹெல்மெட்டில் டக் டக் என்று கொத்தத் தொடங்கியது. உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் கையுறை, முகக்கவசம் என்று போட்டிருப்பார்கள். ஹெல்மெட்டையும் நீங்களே எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பைகளையும் கட்டி நான் மோட்டார் சைக்கிள் பக்கம் நடக்க, காகங்களும் கூட்டமாக என் பின்னால் வந்தன. செயலாளரின் மனைவி கவலையோடு கூப்பிட்டார். "தம்பி, காகங்களையும் கூட்டிக்கொண்டு போறீரே. நாங்கள் எப்பிடிச் சாப்பிடுறது?"

பையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதும், கண்ணுக்கு மறைந்ததால் அவற்றின் ஆத்திரம் கொஞ்சம் தணிந்தது. ஆனால் அந்த மதிலுக்கு இனி இரண்டு மூன்று நாளைக்கு ஒரு காகமும் வராது என்று எனக்குத் தெரியும். கைகளைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து சொன்னேன். "சனீஸ்வரனுக்கு இந்த மதிலில்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கா? கடற்கரையில் வேறு காகங்கள் இருக்குமே."

ஒரு வேதக்காரன் சொன்னதைக் கேட்பதா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பசி அவர்களுக்காகத் தீர்மானம் எடுத்தது. வீடுகளுக்குப் போய்ப் புதுச் சோறு எடுத்துக்கொண்டு, தட்டுகளோடு ஊர்வலமாக ஒழுங்கையில் இறங்கினார்கள். முன்னால் செயலாளர், கடைசியில் சுகந்தி அக்கா.

புறப்பட முன்னர் அவரிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. "அக்கா, அந்தப் பேசின் இனிச் சமையலுக்கு வேண்டாம். குளோரின் தண்ணி ஊற்றிக் கழுவி வேற எதுக்காவது வையுங்கோ."

"தெரியும் தம்பி. மூடேக்கையே தெரியும்," என்றார். அவ்வளவுதான். அவரிடம் இருந்த ஒரே பெரிய பேசின் அது. சோறு பிசைவது அதில்தான்.

கடலோர ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கற்களில் இலைகளை வைத்துவிட்டு எல்லோரும் பின்வாங்கி நின்றார்கள். "கா, கா" என்று நாற்பது பேரும் சேர்ந்து கூப்பிட்டார்கள். ரயிலுக்காக நின்ற ஒரு வெளிநாட்டுச் சோடி எங்களைப் படம் பிடித்தது. ஒரு காகம் வந்தது. இலைகளுக்கு மேல் ஒரு சுற்றுப் பறந்தது. செயலாளரின் இலைக்குப் பக்கத்தில் இறங்கி, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, தத்தித் தத்திப் போய்ச் சுகந்தி அக்காவின் சோற்றில் வாய் வைத்தது.

ஒருவரும் அசையவில்லை. காகம் சாப்பிட்டது என்று ஒருவரும் சந்தோஷப்படவும் இல்லை. அது சாகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கையில் கொடுத்த தீர்ப்பை விட அவர்களுக்கு அந்தக் காகத்தின் தீர்ப்புத்தான் தேவைப்பட்டது. காகம் எள்ளுச் சோற்றை ஒரு வாய், தயிர்ச் சோற்றை ஒரு வாய் தின்று, அலகைக் கல்லில் துடைத்து, தன் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டது. கூட்டமாக வந்து இறங்கின. அதற்குப் பிறகுதான் சனம் மூச்சு விட்டது.

செயலாளரின் மனைவி கணவரின் முதுகைத் தடவிக்கொடுத்தார். "பாவம் இந்த மனிசன். சீனி வருத்தக்காரன். காலமை தொடக்கம் பச்சைத் தண்ணி கூட வாயில படேல்ல. லிப்டுக்குள்ளயும் கிடந்து வாடினது."

எல்லோரும் செயலாளரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சிரிப்பை அடக்கக் கடலைப் பார்த்தேன். பக்கத்தில் சுகந்தி அக்காவும் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு.

திரும்பி நடக்கும்போது மெதுவாகக் கேட்டேன். "அக்கா, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"லிப்ட் கதவடியில நிக்கேக்கையே பார்சல் பிரிக்கிற சத்தம் கேட்டது தம்பி. கத்தரிக்காய் வாசமும் வந்தது. என்ர கறி வாசம் எனக்குத் தெரியாதே?"

நான் அப்படியே நின்றுவிட்டேன். "அப்போ நீங்கள் ஒரு வசனம் சொல்லியிருந்தால் இவ்வளவு பாடும் பட்டிருக்கத் தேவையில்லையே. அவர்தானே உங்களைக் கொலைகாரி என்று கத்தினவர்."

"மனுசி பக்கத்தில நிண்டவ," என்றார். "பசிச்சுச் சாப்பிட்ட மனிசனைச் சோறு வித்த நானே காட்டிக்குடுக்கிறதே? பிறகு ஆர் தம்பி என்ர கையால வாங்கிச் சாப்பிடுவினம்?"

நான் சட்டத்தையும் பயிற்சியையும் நினைத்து வாயை மூடியவன். அவருக்கு ஒரு சட்டமும் இல்லை, போன் மேல் போன் வந்து பிழைப்புப் போய்க்கொண்டிருந்த நேரத்திலும் மூடிக்கொண்டு நின்றார்.

மிருக வைத்திய மிஸ் காகத்தின் காலில் கருகிய தடத்தைப் பார்த்துவிட்டு, மின்சாரம்தான் என்று உறுதிப்படுத்தினார். அதைச் செயலாளருக்குச் சொன்னேன். அவரே குழுவில் போட்டார், 'செயலாளரின் தீவிர முயற்சியால் உண்மை வெளிவந்தது' என்று. பார்சல் ஓடர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

கொஞ்ச நாள் கழித்து வழக்கமான பரிசோதனைக்குச் சுகந்தி அக்காவின் குசினிக்குப் போனேன். மேசையில் புது எவர்சில்வர் பேசின் ஒன்று பளபளத்துக்கொண்டிருந்தது, பழையதை விடப் பெரிது.

"ஆர் வாங்கித் தந்தது அக்கா?"

"வாச்சர் கொண்டுவந்து வாசல்ல வச்சிட்டுப் போனான். ஒண்டும் சொல்லேல்ல."

சுத்தம் பார்க்கிற சாக்கில் பேசினை மற்றப் பக்கம் திருப்பினேன். விளிம்பில் எழுத்து வெட்டியிருந்தது. எங்கள் ஆட்கள் கோயிலுக்கு ஒரு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தால் வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்குப் பெயர் எழுதுவார்களே, அதே மாதிரி. 'உபயம்' என்று தொடங்கி, தகப்பன் பேரின் முதலெழுத்து, முழுப் பேர், செயலாளர் என்ற பதவி, வீட்டு இலக்கம் எல்லாம் இருந்தன. மன்னிப்பு என்ற சொல் மட்டும் இல்லை. அந்த மனிதருக்கு அந்தச் சொல்லை வாயால் சொல்லவும் தெரியாது, வெட்டுவிக்கவும் தெரியாது. உபயம்தான் தெரியும்.

சுகந்தி அக்கா என் கையிலிருந்து பேசினை வாங்கி, எழுத்து இருந்த பக்கத்தைப் பழையபடி சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஏன் அக்கா திருப்புறீங்கள்?"

"பாத்த ஆக்கள் ஏன் தந்தவர் எண்டு கேப்பினம் தம்பி."

ஆகவே, தம்பிமாரே, தங்கச்சிமாரே, கையுறை, இரண்டு பை, சவர்க்காரம், ஹெல்மெட். இவற்றை மறக்காதீர்கள். மிச்சத்தை நான் சுகந்தி அக்காவிடம்தான் படித்தேன். இவ்வளவு நீளமாக எழுதியும் செயலாளரின் பேரை நான் ஓரிடத்திலும் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.